வெள்ளிக்கிழமைப் பால்

விடியற்காலையில் பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும்போது எனக்கு இன்னும் பால் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து திரும்ப இதற்கு. கண்ணைத் திறந்தால் கிள்ளானில் மகள் வீட்டு மாடி அறை, வெளியே பஸ் போகிற இரைச்சல். கண்ணை மூடினால் இளமையில் நான் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரைகளுக்கு மேல் பனியும் எஞ்சின் புகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எது பனி, எது புகை என்று அப்போதே எனக்குத் தெரிந்ததில்லை. இந்த வயதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

போன மாதம், நான் வேலை பார்த்த சுகாதார ஆபீசிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவன் கேட்டான்: "அங்கிள், ஒங்க காலத்துல எந்தக் கடையில சோதனைக்கு மாதிரி எடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? எங்களுக்கு இப்ப வெறும் நம்பரா அச்சடிச்ச புக் ஒண்ணு குடுத்திருக்காங்க. கண்ண மூடிட்டு ஒரு பக்கத்தத் திறந்து, வர்ற நம்பருக்குப் போவோம் லா."

"எங்ககிட்ட ரப்பர் கொட்டை இருந்துச்சு" என்றேன்.

கிழவனுக்குக் கொஞ்சம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் விளக்கிச் சொன்னதும் மற்றவன், "அங்கிள், இத எழுதிக் குடுங்க" என்றான். சரி, சும்மாதானே இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பு, மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் நான் அந்த ஆபீசில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் என் வேலைக்குப் பெரிய பெயர். செய்தது இவ்வளவுதான்: கடைகளிலும் கிடங்குகளிலும் பால்காரர்களிடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, போத்தலில் அடைத்து, அரக்கு வைத்து, ரசாயனப் பரிசோதனை ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஊர் தின்பதையும் குடிப்பதையும் முழுவதுமாகச் சோதித்தால் ஊருக்கு மிச்சம் இருக்காது. கொஞ்சத்தைப் பார்த்து மற்றதைச் சொல்லவேண்டும். அந்தக் கொஞ்சத்தை எடுக்கிற கை என்னுடையது.

எனக்கு மேலே இருந்தவர் இன்ஸ்பெக்டர் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, வெயில் தொப்பி, கக்கத்தில் குடை. மழை பெய்தாலும் குடையை விரிக்க மாட்டார். அது மாட்டையும் நாயையும் ஒதுக்குவதற்கு. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தவறு செய்தவனை நிற்க வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நெடுநேரம் துடைப்பார். அந்தத் துடைப்பு முடிவதற்குள் நமக்கு வியர்த்துவிடும்.

வேலை கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி ஒரு சம்பவம் போதும். கிள்ளானில் ஓர் அரிசிக் கிடங்கு. மூட்டையில் செருகி அரிசி எடுக்கிற குத்தூசியும் பையும் கொடுத்து என்னை உள்ளே அனுப்பினார். நான் போன சுருக்கில் திரும்பி வந்து, "அரிசி நல்லாருக்கு ஐயா" என்றேன்.

"எங்கையிருந்து எடுத்தனீர்?"

"வாசல் பக்கத்து மூட்டையிலிருந்துங்க."

கண்ணாடி கழன்றது. துடைத்தார். மாட்டிக்கொண்டார். "அப்ப நீர் அரிசியைப் பற்றிச் சொல்லேல்லை, ரத்தினம். வாசலைப் பற்றிச் சொல்லுறீர்."

அன்று அந்த மூட்டை மலையின் உச்சிவரை ஏறினேன். உள்ளே அரிசித் தூசி வெளிச்சத்தில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. மேலே படுத்து மூட்டைக்குள் ஊசியைச் செருகும்போது, நான் ஏதோ மேகத்துக்குள் வேலை செய்வதுபோலத் தோன்றியது. கீழே அவர் குடையோடு சிறிதாக நின்றார். அடி மூட்டையில் புழு இருந்தது.

ரப்பர் கொட்டை விஷயம் பால்காரர்களால் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஆற்றோரமாகத் தமிழர்களின் மாட்டுக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. சற்றுத் தள்ளி, வங்காளி என்று ஊரார் அழைத்த பஞ்சாபிக்காரர்கள் மாடு வைத்திருந்தார்கள். பால் விற்கிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. அதை இடுப்பிலோ கழுத்திலோ தொங்கவிட்டால்தான் விற்கலாம். யாரிடம் மாதிரி எடுப்பது என்பதில் எப்போதும் தகராறு. எங்களுக்கு வேண்டாதவன் குடத்தை மட்டும் மறிக்கிறோம் என்பார்கள். அதற்காக இன்ஸ்பெக்டர் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி, ஆணியால் ஒவ்வொன்றிலும் ஒரு வில்லை எண்ணைக் கீறி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். காலையில் குலுக்கி என் முன் நீட்டுவார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஒரு தடவை குனிந்துவிட்டேன். "கையை நம்பலாம், கண்ணை நம்பேலாது" என்று டின்னைத் திரும்பக் குலுக்கினார்.

எண் விழுந்தவரைத் தெருவில் நிறுத்துவோம். இன்ஸ்பெக்டர் குடத்துப் பாலை முழுவதும் எங்கள் வாளியில் ஊற்றுவார். வாளியிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து வாளிக்கு. அவசரம் இல்லாமல், கொஞ்சம் உயரத்திலிருந்து, ஒரு சொட்டும் சிந்தாமல். பால் நுரைத்து, மேலும் கீழும் வேறுபாடில்லாமல் கலந்தபிறகுதான் போத்தலில் நிரப்புவார். ஒரு போத்தல் பால்காரருக்கு, ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று எங்கள் ஐஸ் பெட்டியில். மூன்றிலும் சிவப்பு அரக்கு. அந்த நேரத்தில் தெருவே நின்று பார்க்கும். காலைப் பனியில் அந்த வெள்ளைக் கோட்டும் வெள்ளைப் பாலும் ஒன்றாகி, ஊற்றுகிற கை மட்டும் தனியாகத் தெரிவதாக எனக்கு ஒரு மயக்கம் வரும்.

பரிசோதனை ஆபீசில் பாலுக்கென்று வெள்ளிக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே நாங்கள் மாதிரி எடுத்ததும் வெள்ளிக்கிழமைதான். வெள்ளி தவறாமல் நான் குளித்து, குவார்ட்டர்ஸ் ஓரத்தில் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். தமிழ்ப் பால்காரர்களும் அங்கே வருவார்கள். கறந்த குடங்களைக் கோயில் வாசலில் வரிசையாக இறக்கிவைப்பார்கள். மணி அடிக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். ஆடாமல் அசையாமல் இருக்க, பாலின் கொழுப்பு மேலே திரண்டு ஏறும். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தன் குடத்தில் மேலாக மொண்டு, ஒரு செம்பு நிறைய அம்மனுக்குக் கொடுப்பார்கள். மேப்பால் சாமிக்கு, அது வழிவழியாக வந்த வழக்கம். பால் அம்மன் மேல் வழிகிறதைக் கும்பிட்டுவிட்டு, திருநீற்றோடு போய் அவர்களுடைய குடங்களையே நான் மறிப்பேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

பரிசோதனை முடிவுகள் வர ஆரம்பித்தன. பஞ்சாபிக்காரர்களின் பால் கொழுப்பாக இருந்தது. தமிழர்களின் பாலில் தண்ணீர் இல்லை, ஆனால் கொழுப்புக் குறைவு. வாரா வாரம் அப்படித்தான். கொட்டையில் யார் எண் விழுந்தாலும் அப்படித்தான். பாலிலிருந்து ஏடு எடுத்துவிட்டு விற்கிறார்கள் என்று எழுதி வந்தது.

எங்கள் ஆபீசின் பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். நெட்டையானவர், மெதுவாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாலில்லாமல் நலிந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவர் அந்த முடிவுகளை வைத்து ஒரே மூச்சில் தீர்மானித்துவிட்டார்: இது ஓர் ஆள் செய்கிற திருட்டு இல்லை, இந்தத் தமிழ்ப் பால்காரர்கள் அத்தனை பேரும் இப்படித்தான். ஆற்றோரக் கொட்டகைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வில்லைகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றார். மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். சரியாகத்தான் எடுத்தோம் என்று அவர் சொன்னார். உண்மைதான், அதில் ஓர் ஊசி முனையளவு குறை கிடையாது.

ஆணை போவதற்கு முன்னால், கடைசியாக எண் விழுந்தவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது முறை. அந்தக் கொட்டையை எடுத்தது நான். விழுந்தது அஞ்சலையின் எண்.

அஞ்சலையைப் பிரிக்ஃபீல்ட்ஸில் தெரியாதவர் கிடையாது. புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை செய்தான், மாடுகள் அவளுடையவை. பிள்ளை இல்லை. மாடுகளைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திட்டி, கொஞ்சி வளர்த்தாள். குடத்தைச் சும்மாட்டின்மேல் வைத்து அவள் நடந்து வந்தால் எதிரில் வருகிற ரிக்ஷாக்காரன் ஒதுங்கிக்கொள்வான். மாதிரி எடுக்கும்போது என்னைப் பார்த்து, "என்னா சோசியரே, இன்னிக்கு எங்கொட்டையா உருண்டுச்சு?" என்று சிரிப்பாள். எனக்கு முகம் சிவந்துவிடும்.

அன்று ஆபீஸ் வராந்தாவில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் நாற்காலியில். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். அஞ்சலை சலவைச் சேலை கட்டி, வில்லையைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மற்றக் கொட்டகைக்காரர்கள் வேலிக்கு வெளியே மழையில் நின்றார்கள்.

"பிள்ளை, உம்முடைய பாலிலை ஏடு எடுத்திருக்கு எண்டு வந்திருக்கு. உண்மையோ?"

அவள் ஆடிப்போய்விட்டாள். பிறகு கோபம் வந்தது. "ஏடா? நானா? ஏன்யா, மேப்பால நான் எடுத்துக் குடிச்சேனா? வெண்ணெ உருட்டி வித்தேனா? வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஆத்தாளுக்கில்ல ஊத்துறேன்! கோயில்ல போய்க் கேளுங்க. ஒரு செம்பு நெறைய, மேலாப்புல மொண்டு. ஒரு வாரம் தவறுனது கெடையாது. நானா திருடி?"

தன் நேர்மைக்கு அதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் இல்லை என்ற முகத்தோடு நின்றாள்.

கோயில் வாசலில் அசையாமல் நின்ற குடங்கள், மணி, செம்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டாக்டர், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவளிடம் தமிழில், தணிந்த குரலில் சொன்னார்: "பிள்ளை, வடிவாய்க் கேளும். நீர் சொன்னதை நான் துரையிட்டைச் சொன்னால், நீர் ஏடு எடுத்தது நீரே ஒப்புக்கொண்ட மாதிரி. யாருக்கு ஊத்தினாலும் சட்டத்துக்கு ஒண்டுதான். உம்முடைய வில்லை போகும். சொல்லாட்டி, எல்லாற்றை கொட்டிலும் போகும். நீர் கோவத்திலை ஏதோ கத்தினனீர் எண்டு சொல்லி விடட்டோ?"

அஞ்சலை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வில்லை போனா எம்மாட்டுக்கு யாருய்யா புண்ணாக்கு வைப்பா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லுங்க. ஆத்தாளுக்கு ஊத்துனத ஒளிச்சு வெக்கச் சொல்றீங்களா? அப்புறம் நான் எந்த மொகத்தோட அங்க போய் நிப்பேன்? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சொன்னார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். கடைசியில், தன்னுடையதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: நாங்கள் இதுவரை வேறு எந்த நாளிலும் தமிழர் பாலை எடுத்துப் பார்த்ததில்லை.

டாக்டர் எழுந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலிக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். ஆணையை நிறுத்தி வைத்தார். அஞ்சலையின் வில்லையை மட்டும் மேசையில் வைக்கச் சொன்னார். அவள் அதைக் கழற்றியபோது கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவதாக ஒரு டின் வாங்கினார். அதில் ஏழே கொட்டைகள், கிழமைக்கு ஒன்று. முதல் டின்னில் ஆள், இரண்டாவதில் நாள். பரிசோதனை ஆபீசில் முணுமுணுத்தார்கள். டாக்டர் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். மழைக்காலம் முழுவதும் நாங்கள் திங்களும் எடுத்தோம், புதனும் எடுத்தோம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்கும்போதும் எடுத்தோம். அந்த மாதங்கள் எனக்கு ஒரு நீண்ட கனவாகத்தான் நினைவிருக்கின்றன. எந்த நாள் என்று தெரியாமல் எழுந்திருப்பேன். ஈரத் தெருவில் எங்கே திரும்பினாலும் ஒரு குடம் மிதந்து வரும்.

வெள்ளி தவிர மற்ற நாள்களில் தமிழர் பால் பஞ்சாபிக்காரர்களின் பாலுக்கு ஒரு துளியும் இளைத்ததாக இல்லை. கடைசி முடிவு வந்த அன்று இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "ரத்தினம், ஒரு குடத்தைக் கலக்கத் தெரிஞ்ச எனக்கு ஒரு கிழமையின்ரை ஏழு நாளையும் கலக்கத் தெரியேல்லை. இவ்வளவு காலமும் நானும் வாசல் மூட்டையிலைதான் எடுத்திருக்கிறன்." அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைத் தொடவில்லை. எனக்கு அவர்மேல் அன்றுதான் உண்மையான பாசம் வந்தது.

கொட்டகைகள் தப்பின. அஞ்சலைக்கு வில்லை உடனே திரும்பவில்லை. அவள் குடத்தில் கொழுப்புக் குறைந்தது குறைந்ததுதான். அதற்கு மன்னிப்பு எழுத டாக்டருக்கு அதிகாரம் கிடையாது. அந்த மழைக்காலத்தில் அவள் விற்காத பாலையெல்லாம் கன்றுகள் குடித்துப் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே அவைதான் கொழுத்துத் திரிந்தன. அவளோ மெலிந்துபோனாள். ஒரு மாட்டை விற்றாள். விற்ற அன்று தெரு முழுக்க அவள் அழுகை கேட்டது. எவள் தங்கள் கொட்டகையைக் காப்பாற்றினாளோ அவளுக்காக மற்றவர்கள் முறை வைத்துப் புல் அறுத்துப் போட்டார்கள்.

தண்டனைக் காலம் முடிந்து அவளுக்கு வில்லை திரும்பக் கிடைத்ததற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எங்கள் கொட்டையும் வெள்ளியிலேயே விழுந்தது. நானும் இன்ஸ்பெக்டரும் கோயில் வழியாகப் போனோம். அம்மனுக்குரிய பாலைத் தனிச் செம்பில் கறந்து கொண்டுவாருங்கள், விற்கிற குடத்தைத் தொடாதீர்கள் என்று ஆபீசிலிருந்து எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். அஞ்சலை மட்டும் செம்பு இல்லாமல், பால் குடம் ஒன்றும் வெறுங்குடம் ஒன்றுமாக வந்து வரிசையில் நின்றாள்.

மணி அடித்தது. அவள் பால் குடத்தைத் தூக்கி வெறுங்குடத்தில் ஊற்றினாள். அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு. அவசரம் இல்லாமல், கொஞ்சம் உயரத்திலிருந்து. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரின் கையைப் பார்த்தேன். அது தன்னை அறியாமல் அசைந்தது.

பூசாரி பதறிப்போய், "என்னாம்மா இது, மேப்பாலக் கலச்சுப்புட்டியே!" என்றார்.

"கலந்துட்டேன் பூசாரி. தனியா ஒரு செம்பு ஆத்தாளுக்கு, மிச்சம் ஊருக்குன்னு எனக்குக் கறக்கத் தெரியல. ஊரு குடிக்கிறதயே அவளும் குடிக்கட்டும்."

நுரை அடங்குவதற்குள் ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். பூசாரி கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டார். அம்மன் தலையிலிருந்து பால் இறங்கியது. அஞ்சலை எங்கள் பக்கம் திரும்பினாள். "ஐயா, வாளி கொண்டாந்தீங்களா? எங்க வேணும்னாலும் மொண்டு பாத்துக்குங்க."

"உம்முடைய இலக்கம் இண்டைக்கு விழேல்லை, பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றினார். செருப்பை விட்டுவிட்டுப் படியேறி, மற்றவர்களோடு வரிசையில் நின்றார். பூசாரி அபிஷேகப் பாலை அவர் உள்ளங்கையில் ஒரு கரண்டி விட்டார். குனிந்து குடித்தார்.

பிறகு என் காதருகில் வந்து சொன்னார்: "ரத்தினம், குடம் நல்லாய் இருக்கு."